வேப்பமரம் ஐப்பசியில் இலை உதிர்ப்பதில்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு இணைப்பில் 'இலையுதிர் கால மூலிகைத் தோட்டம்' என்று ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் கண்ணைப் பறித்தன, அதில் குறை இல்லை. ஆனால் படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. லாவெண்டர் வையுங்கள், கெமோமில் விதையுங்கள், எக்கினேசியா நட இதுதான் சரியான சமயம், முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்னால் நடவை முடித்துவிடுங்கள் என்று இருந்தது. எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். இங்கே முதல் உறைபனி எப்போது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் பார்ப்பது?

எழுதியவரைக் குறை சொல்லி என்ன செய்ய, குளிர் நாட்டுக் குறிப்பு எங்கேயோ கிடைத்திருக்கும், தமிழாக்கிப் போட்டிருப்பார். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு அம்மா லாவெண்டர் விதை வரவழைத்து, மொட்டைமாடியில் பதினைந்து தொட்டியில் போட்டு, ஐப்பசி அடைமழையில் பதினைந்தும் அழுகி, 'எனக்குக் கைராசி இல்லை' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லாவெண்டருக்கு வேண்டியது வறண்ட காற்றும் தண்ணீர் நிற்காத மண்ணும் குளிரும். நம் நாட்டில் அதைப் பெரிய அளவில் போடுவது ஜம்முப் பக்கம் பதர்வாவில். மன்னார்குடிக்கும் பதர்வாவுக்கும் நடுவில் ஒரு நாடே கிடக்கிறது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் ரோஸ்மேரி, தைம் எல்லாம் வைத்துக்கொள்ளட்டும், அது வேறு ஊர், வேறு குளிர். தரையில் இருக்கிற எங்களுக்கு அது ஆகாது.

முதலில் அந்தத் தலைப்பே சரியில்லை என்பேன். எங்கள் கொல்லையில் இருக்கிற வேப்பமரம் ஐப்பசியில் ஒரு இலையைக்கூட உதிர்ப்பதில்லை. அது கொட்டுவது மாசி, பங்குனியில். வாசல் பெருக்குகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொட்டி முடித்துத் துளிர்த்து, சித்திரை ஒன்றாம் தேதிக்குப் பச்சடிக்குப் பூவும் கொடுத்துவிடும். குளிர் நாடுகளில் இலை உதிர்கிற அக்டோபரும் நவம்பரும் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும். பழைய கணக்கில் கூதிர் காலம். வருஷத்துக்கு நமக்குக் கிடைக்கிற மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது, கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேலே. குளிர் நாட்டில் இந்தச் சமயத்தில் ஏன் நடுகிறார்கள் என்றால், மண்ணில் வெயில் காலத்துச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும், வேர் பிடித்துக்கொள்ளும், பிறகு செடி பனியில் தூங்கி வசந்தத்தில் எழுந்திருக்கும். நம் செடிக்குத் தூக்கமே கிடையாது. அதற்கு இந்த இரண்டு மாதமும் ஒன்று வளர்ச்சி, இல்லாவிட்டால் அழுகல். ஆகவே இந்தப் பருவத்துக்குச் செடி தேர்ந்தெடுப்பவர் குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மழையைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். பத்து நாள் விடாமல் பெய்தால் இது தாங்குமா? இந்த ஒரு கேள்விதான்.

எங்கள் மண் களிமண். ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மறுநாள் காலையிலும் அடியில் கலங்கலாக நிற்கும். அந்த இடத்தில் எதை வைத்தாலும் போச்சு. இந்தக் குழிச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. தண்ணீர் நிற்கிற கொல்லையில் மண்ணை ஒரு முழம் உயர்த்தி மேட்டுப்பாத்தி கட்டிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தொட்டி வைப்பவர்கள் தென்னைநார்க் கழிவைப் பாதிக்குப் பாதி போடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், கோடைக்கு அது சரி, தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஐப்பசியிலும் பிடித்து வைத்தால் வேர் என்ன ஆகும்? மழைக்காலத்துக்கு நான் செம்மண்ணையும் மணலையும் கூட்டி, நார்க்கழிவை ஒரு கைப்பிடியாகக் குறைத்து, மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் சேர்க்கிறேன். நாற்று அழுகல் வராமல் இருக்க டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நல்ல பூஞ்சைப் பொடியைத் தொழுவுரத்தோடு கலந்து வைப்பதும் உண்டு, உரக்கடையில் கிடைக்கும். தொட்டியின் அடி ஓட்டையை வேர் அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள். முக்கால்வாசிச் செடி சாவது அங்கேதான்.

சரி, எதை நடுவது?

கையில் காசே இல்லாதவர்கள்கூட இந்த மழையில் இரண்டு செடி வைத்துவிடலாம், நொச்சியும் ஆடாதோடையும். இரண்டுமே குச்சியை ஒடித்து நட்டால் வந்துவிடும். கட்டைவிரல் கனத்தில், முற்றலும் இல்லாமல் இளசும் இல்லாமல் ஒரு முழக் குச்சி, இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே, சாய்வாக. மழை ஈரத்துக்கு மூன்று வாரத்தில் கணுவில் பச்சை தெரியும். ஆடாதோடையை வேலியோரமாகவே வைக்கலாம், பெயரிலேயே இருக்கிறது, ஆடு தொடாது. சளி இருமலுக்கு அதன் இலைக் கஷாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கர்ப்பிணிகள் அதைக் குடிக்கக் கூடாது என்பதை எந்தத் தோட்டப் பக்கத்திலும் பார்த்ததில்லை, உங்கள் பக்கத்திலும் இல்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. நொச்சி ஆவி பிடிக்க. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த ராத்திரியில் எங்கள் கொல்லையில் முருங்கை இரண்டும் விழுந்தன, தென்னை நாலும் போயின, காலையில் கதவைத் திறந்து பார்த்தால் வானம்தான் தெரிந்தது. வேலியோரத்து நொச்சி மட்டும் இலையெல்லாம் கிழிந்து மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. பதினைந்து நாளில் துளிர்த்தது. அதிலிருந்து எனக்கு நொச்சி மேல் ஒரு தனி மரியாதை.

தூதுவளையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் அது இல்லவே இல்லை. கார்த்திகை, மார்கழிச் சளிக்கு இதைவிட்டால் என்ன இருக்கிறது? என் மாமியார் இருந்தவரைக்கும் ஐப்பசி பிறந்தால் வாரத்துக்கு ஒரு நாள் தூதுவளை ரசம் கட்டாயம். இலையில் முள் இருக்கும், தண்டில் முள் இருக்கும், இலையின் அடிநரம்பிலும் முள் இருக்கும். பறிப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. இலைக்காம்பை நகத்தால் கிள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. பறித்த இலையை நெய்யில் போட்டு வதக்கினால் முள் அடங்கிவிடும், அப்புறம் மிளகு சீரகத்தோடு அரைத்துப் புளித்தண்ணீரில் விட்டு நுரை கட்டியதும் இறக்குவது. பேரன்களுக்கு ரசம் இறங்காது, தோசை மாவில் அரைத்துக் கலந்துவிடுவேன், பச்சைத் தோசை என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். செடி வைப்பது சுலபம். பழுத்த சிவப்புப் பழத்தை உடைத்து விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி ஆவணியிலேயே போட்டுவிட்டால் ஐப்பசி மழைக்குக் கொடி படர ஆரம்பித்துவிடும். இப்போது போடுகிறவர்கள் குச்சி வாங்கி நடுங்கள், விதை வேண்டாம், பெருமழையில் விதை மிதந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஏறுவதற்கு ஒரு முள்வேலியோ கம்பியோ வேண்டும். ஆட்கள் நடக்கிற வழியில் வைக்காதீர்கள், புடவையைப் பிடித்துக்கொள்ளும்.

முசுமுசுக்கையும் இதோடு சேர்த்தி. அது மழைக்குத் தானாக வேலியில் ஏறும், சொரசொரவென்று இருக்கும், அடைக்கு அரைக்கலாம். நான் வைக்கவே இல்லை, ஒவ்வொரு வருஷமும் அதுவாக வருகிறது.

கற்பூரவல்லியைச் சிலர் ஓமவல்லி என்பார்கள். அதைத் திறந்த வெளியில் மழையில் விடாதீர்கள். தண்டு முழுக்கத் தண்ணீர், மேலேயும் தண்ணீர் விழுந்தால் இரண்டு வாரத்தில் கறுத்துக் குழைந்துவிடும். தாழ்வாரத்தில், சாரல் மட்டும் படுகிற இடத்தில் ஒரு தொட்டி. துளசியும் அப்படித்தான், மாடத்தில் இருக்கிற துளசி கார்த்திகையில் இலை கொட்டிக் குச்சியாகத் தெரிகிறது என்று பலர் பயப்படுவார்கள், அபசகுனம் என்றுகூட நினைப்பார்கள். கதிர் வந்ததைக் கிள்ளாமல் விட்டிருப்பீர்கள், விதை முற்றினால் செடி ஓய்ந்துவிடும், அதோடு குளிரும் ஈரமும். கதிரைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், விதையில் கொஞ்சம் எடுத்து வையுங்கள், தை பிறந்து வெயில் ஏறியதும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். வல்லாரைக்கு நேர் எதிர். அதற்குத் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் போதாது, எங்கள் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு கொடி வைத்தேன், இன்றைக்கு நாலு வீட்டுக்குத் துவையல் கொடுக்கிறது. ஆனால் சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் போகிற இடத்தில் வளர்ந்த வல்லாரையைச் சாப்பிடாதீர்கள், மண்ணில் இருக்கிற கசடை எல்லாம் இழுத்துக்கொள்கிற செடி அது.

சித்தரத்தை வைக்கலாமா என்று தீபாவளி லேகியத்துக்கு அலைகிறவர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், இஞ்சி மாதிரிக் கிழங்குதான், ஆனால் இந்த ஐப்பசிக்கு வைத்து அடுத்த ஐப்பசிக்குத் தோண்டலாம் என்று நினைக்காதீர்கள், ஒன்றரை இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும். கொத்தமல்லியும் வெந்தயமும் கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்த பிறகு.

இனி தானாக முளைப்பவை. மழை விழுந்ததும் செங்கல் சந்திலும் தொட்டி ஓரத்திலும் கீழாநெல்லி வந்துவிடும், களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு அதையே நாட்டுமருந்துக் கடையில் பொடியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதில் ஒரு எச்சரிக்கை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு மூன்று செடிகள் உண்டு. இலை வரிசையைத் திருப்பிப் பாருங்கள். காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்கினால் கீழாநெல்லி. காய் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, மேலே சொரசொரப்பாக, தண்டும் சிவந்திருந்தால் அது இதன் பங்காளி. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மஞ்சள் காமாலை வைரஸான ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்து லான்செட் என்கிற மருத்துவ இதழில் எழுதினார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண் மஞ்சளானால் கொல்லைக்கு ஓடாதீர்கள், முதலில் ரத்தப் பரிசோதனைக்கு ஓடுங்கள். எங்கள் உறவில் ஒருவர் பதினெட்டு நாள் கீழாநெல்லி மட்டும் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டார், கடைசியில் பார்த்தால் பித்தப்பைக் கல் அடைத்திருந்தது.

நிலவேம்பும் அதே கதைதான். 2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தார்கள், அதிலிருந்து ஆளாளுக்கு ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும், நல்ல செடி, நாலு பட்டையான தண்டு, வெள்ளைப் பூவில் ஊதாக் கீற்று, ஒரு இலையை மென்றால் அரை நாளைக்கு நாக்கு நம்முடையது இல்லை. ஆனால் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் எல்லாம் சேர்ந்து ஒன்பது சரக்கு. வெறும் இலையைக் கசக்கிக் குடித்துவிட்டு 'குடிநீர் குடித்தேன்' என்று சொல்வது புளியைக் கரைத்துக் குடித்துவிட்டு ரசம் சாப்பிட்டேன் என்பது மாதிரி.

பூக்களுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன கெமோமிலுக்குப் பதில் சாமந்தி வைக்கலாமே. அது பகல் குறுகி இரவு நீண்டால்தான் மொட்டு விடுகிற செடி, ஆகவே ஐப்பசி முதல் தை வரைக்கும் அதன் காலம். ஆனால் இதில் நான் ஒரு பாடம் படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பழைய மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கு போட்டார்கள், நேராக எங்கள் முன்வாசலில் வெளிச்சம். அந்த வருஷம் வாசலில் இருந்த ஆறு சாமந்தித் தொட்டியும் தளதளவென்று இலை, ஒரு மொட்டு இல்லை. உரம் போட்டுப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, பசுமைக்குடிலில் சாமந்தி போடுகிறவர்கள் பூப்பைத் தள்ளிப்போட இரவில் விளக்கு எரியவிடுவார்கள் என்று எங்கேயோ படித்தது. தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடிக்குப் பின்னால், ராத்திரி கும்மிருட்டாக இருக்கிற இடத்தில் வைத்தேன். ஒரு மாதத்தில் மொட்டு தெரிந்தது. பொங்கலுக்கு வீட்டுப் பூதான். தெருவிளக்கு இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

துலுக்கச் சாமந்தி வேறு, அது விளக்குக்கெல்லாம் அஞ்சாது. மெக்சிகோவிலிருந்து வந்த செடி, ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமென்றால் ஆடிக் கடைசியிலாவது விதைத்திருக்க வேண்டும், அறுபது நாள் கணக்கு. வேரைத் தாக்குகிற நூற்புழுவைக் குறைக்கும் என்பதால் மிளகாய், கத்தரி பாத்திகளுக்கு நடுவில் நான் இதை வைப்பேன். சங்குப்பூ விதையை ராத்திரி ஊறவைத்துப் போட்டால் போதும், கம்பி ஒன்று கட்டிவிட்டால் அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும். பவழமல்லி இந்த மாதங்களில்தான் விடியற்காலையில் கொட்டும், மழை பெய்த மறுநாள் காலையில் ஈர மண்மேல் ஆரஞ்சுக் காம்போடு கிடக்கிற அந்தப் பூவைப் பார்க்க வேண்டும், அதைப் பொறுக்கிக் கூடையில் போட என் பேத்தி பள்ளிக்கூடம் கிளம்புவதைக்கூட மறந்துவிடுவாள். மூட்டுவலிக்கு அதன் இலைக் கஷாயம் குடிப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. மருக்கொழுந்து ஆசைப்படுகிறவர்கள் கார்த்திகையில் விதையுங்கள், புதிய விதையாகப் பாருங்கள், பழசு முளைக்காது. மாசி, பங்குனி வாக்கில் மணக்கும். வெயில் ஏறினால் போய்விடும், அது அவ்வளவுதான் இருக்கும்.

அழகுக்காகப் பலர் வைக்கிற இரண்டு பூவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்று செங்காந்தள், கார்த்திகைப் பூ. நம் மாநில மலர், வேதாரண்யம் பக்கத்து வேலிகளில் இந்தச் சமயத்தில் நெருப்புப் பிடித்த மாதிரி நிற்கும், இலை நுனியையே கொக்கியாக்கிக்கொண்டு ஏறும். விதைக்காக இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறவர்கள் உண்டு, கோல்ச்சிசின் என்கிற மருந்து அதிலிருந்து எடுக்கிறார்கள். அந்தக் கோல்ச்சிசின்தான் விஷமும். கிழங்கு வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும், தெரியாமல் வேகவைத்துத் தின்று செத்தவர்கள் கதை இந்தப் பக்கத்தில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வார். குழந்தைகள் இருக்கிற வீட்டில், காய்கறிப் பாத்தி இருக்கிற கொல்லையில் வேண்டாம்.

இன்னொன்று நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி முன்பு வீட்டில் வைக்க மாட்டார்கள், இப்போது வாசலுக்கு வாசல் இருக்கிறது. சர்க்கரைக்கு நல்லது என்று இதன் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிற பழக்கம் வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் இதே சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தார்கள். ஜமைக்காவில் சர்க்கரைக்குக் குடிக்கிற இலை என்று அவர்களுக்கு வந்தது. கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதிலிருந்து கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின், புற்றுநோய் மருந்து. ஆஸ்பத்திரியில் அளந்து ஊசியில் ஏற்றுகிற சரக்கைச் சமையலறையில் கொதிக்க வைப்பதா? பூவைப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். மழையில் தண்ணீர் நின்றால் அதுவும் கழுத்தழுகி ஒரே நாளில் வாடும், மேட்டில் வையுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டை ஐப்பசி பிறந்ததும் எடுத்துவிடுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். நிலவேம்புத் தொட்டியின் தட்டிலேயே டெங்குக் கொசு வளர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் எழுதிய பிறகுதான் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் இடது மூலையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று ஒரு பெரிய படம். நம் செடிகளில் அது ஒன்றுதான் அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆனால் படம் தப்பு. அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே ஏமாந்தவள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் இதே செடியை இதே பெயரில் முப்பது ரூபாய் வீதம் நாலு வாங்கினேன். வெள்ளைக் கரிசலாங்கண்ணி எங்கள் வயல் வரப்பிலேயே கிடக்கும், கசக்கினால் விரல் கறுத்துவிடும், அதில் சந்தேகம் வராது. மஞ்சள்தான் கிடைப்பதில்லை, வள்ளலார் போற்றிய மூலிகை என்று அதற்கு ஒரு மதிப்பு வேறு. ஐப்பசியில் வைத்தேன். என்ன வளர்த்தி என்கிறீர்கள், கார்த்திகைக்குள் பாத்தி நிறைந்தது, மார்கழியில் வல்லாரையை மூடியது, ஒவ்வொரு கணுவிலும் வேர். நானும் பெருமையாகத் துவையல் அரைத்து வீட்டுக்காரருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், தாவரவியல் படிக்கிற என் நாத்தனார் மகள் பொங்கலுக்கு வந்தவள் கொல்லையில் நின்று பார்த்துவிட்டு, 'அத்தை, இது அழகுக்கு வைக்கிற செடி, இதையா சாப்பிடுகிறீர்கள்?' என்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவள்தான் காட்டிக் கொடுத்தாள். பூவை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள், இரண்டுமே மஞ்சள், இரண்டுமே சின்னச் சூரியகாந்தி மாதிரி. இலையைப் பாருங்கள். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீளவாக்கில், குறுகலாக, தொட்டால் சொரசொரப்பாக, ஓரத்தில் பல் அதிகம் இல்லாமல் இருக்கும். இந்த அழகுச் செடியின் இலை பளபளப்பாக, மேல்பாதியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூலை நீட்டிக்கொண்டு மூன்று விரல் மாதிரி இருக்கும். மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இது, உலகத்தில் மோசமாகப் பரவுகிற நூறு அயல் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொல்லையிலிருந்து ஒழிக்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்த துண்டெல்லாம் அங்கேயே வேர்விட்டு இப்போது வாய்க்கால் கரை முழுக்க அதுதான், அந்தப் பாவம் என்னைச் சேரும்.

உங்கள் படத்தில் இருப்பது பளபளப்பான, மூன்று விரல் இலை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து திருத்தம் போடுங்கள். போடும்போது கடைசிப் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் இரண்டு வரி போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவில், இரண்டு செடியின் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர். அதில் ஒருவர் போன வாரம் அதே நர்சரிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார், தொட்டியை இன்னும் பிரிக்கவில்லை, நான்தான் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மன்னார்குடி வட்டம்